‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்பிவிடும் டாக்டர்: ஆஸ்துமாக்காரர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

“நெஞ்சு கிளியராத்தான் இருக்கு. டென்ஷனைக் குறைங்க.” ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடியவைத்தவரிடம் இப்படிச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் ஆஸ்துமா அப்படி ஏய்க்கிற நோய்தான். விடிகாலை 3 மணிக்கு இழுத்த மூச்சு, 11 மணிக்கு ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது சுத்தமாக இருக்கும். விரலில் மாட்டும் கருவியும் ஆக்சிஜன் 98 என்று காட்டும். இவற்றை வைத்து மட்டும் ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

டாக்டரிடம் பலர் செய்யும் முதல் தவறு, “அடிக்கடி மூச்சு வாங்குது” என்று மொத்தமாகச் சொல்வது. அதைத் தட்டிக்கழிப்பது சுலபம். கடந்த 4 வாரத்தில் எத்தனை இரவு விழித்தீர்கள், மூச்சு வாங்கும்போது உடனே எடுக்கும் நிவாரண இன்ஹேலர் வாரத்தில் எத்தனை நாள் தேவைப்பட்டது, எந்த வேலையை நிறுத்தினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. காலையும் இரவும், இன்ஹேலர் எடுக்கும் முன், மூன்று தடவை ஊதி, அதிகமாக வந்த எண்ணைக் குறியுங்கள். இரண்டு வாரம் போதும். காலை 280, இரவு 360 என்றால் ஒரே நாளில் 25 சதவீத ஏற்ற இறக்கம். பெரியவர்களுக்கு இதன் தினசரி சராசரி 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். வாய்ச்சண்டையைவிட இந்தத் தாள் அதிகம் பேசும்.

ஸ்பைரோமெட்ரி என்ற நுரையீரல் ஊதல் பரிசோதனையை நாமாகக் கேட்கத் தயங்குவதும் தவறுதான். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிற நாளில் முடிவு நார்மலாக வரலாம். தொந்தரவு இருக்கும்போது மறுபடி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். “வேண்டாம்” என்றால், அதற்கான காரணத்தை என் குறிப்பில் எழுதிவிடுங்கள் என்று பணிவாகச் சொல்லலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது கோபத்தில் எடுக்கும் முடிவு. ‘இவர் கொடுத்த மருந்தே வேண்டாம்’ என்று வீக்கத்தை ஆற்றும் தடுப்பு இன்ஹேலரை விட்டுவிட்டு, சல்புடமால் என்ற நிவாரண இன்ஹேலரிலேயே காலம் தள்ளுவது. சல்புடமால் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துமே தவிர, உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. அதை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்வதை 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே பரிந்துரைப்பதில்லை. வருடத்துக்கு 200 பஃப் கொண்ட சல்புடமால் கேனிஸ்டர் மூன்றோ அதற்கு மேலோ காலியானால் கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது. இந்தக் கணக்கையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் குறையை மறைக்கவும் வேண்டாம். மருந்தை இடையில் நிறுத்தியிருந்தால் சொல்லிவிடுங்கள். இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னாலேயே எடுத்துக் காட்டுங்கள். சரியாக இழுக்கத் தெரியாதவர்கள் ஏராளம். வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, கண் சொட்டு மருந்து என நீங்கள் எடுக்கும் எதையும் சொல்லாமல் விடாதீர்கள். பிரஷருக்குத் தரும் புரோப்ரனலால், கண் சொட்டில் வரும் டிமோலால் போன்றவை மூச்சுக்குழாயைச் சுருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் காது கொடுக்கவில்லையா? நுரையீரல் மருத்துவரிடம் போங்கள், பழைய ரிப்போர்ட்டுகளோடு. வருடத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்தவர் தள்ளிப்போடவே கூடாது. ஆஸ்துமாவே இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, இன்ஹேலர் கேட்கவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ‘போனால் திட்டுவாரே’ என்று யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீசிங் சத்தம் திடீரென அடங்கி ஆள் சோர்ந்தாலும் அப்படித்தான். காற்றே சரியாக உள்ளே போகவில்லை என்பதால்கூட அந்தச் சத்தம் நிற்கலாம்.