போன் சேற்றில் போனாலும் பேக்கப்பிலிருந்து மீட்கலாம்: ஆண்ட்ராய்டுக்கான வழி

சம்பா நடவு சமயத்தில் இடுப்பில் செருகிய போன் சேற்றில் விழுவதும், ஐப்பசி மழையில் ஊறிப்போவதும் நம் டெல்டா ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. போனை வேறு வாங்கிக்கொள்ளலாம். அதில் இருந்த சிட்டா, அடங்கல் படங்கள், நெல் கொள்முதல் ரசீது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்? பேக்கப், அதாவது கூகுள் கணக்கில் சேர்ந்திருக்கும் நகல், இருந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும்.

முதலில் சிம். அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். அது இயங்கத் தொடங்கி 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஓடிபி வரவில்லையே என்று பதற வேண்டாம், மறுநாள் தொடங்குங்கள்.

அடுத்து, பழைய போனில் இருந்த ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு, பழைய போனின் லாக் எண் அல்லது பேட்டர்ன். மூன்றும் வேண்டும். கடையில் "புது ஜிமெயில் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டால் உறுதியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேக்கப் பழைய கணக்கில்தான் இருக்கிறது.

புதிய போனை சார்ஜ் ஏற்றி, வைஃபையில் இணைத்துத் தொடங்குங்கள். பழைய பேக்கப்பிலிருந்து தகவல்களை எடுக்கவா என்று கேட்கும் திரையில் அவசரப்பட்டு ‘ஸ்கிப்’ அழுத்தாதீர்கள். பழைய ஜிமெயிலில் நுழைந்து, பட்டியலில் உங்கள் பழைய போனைத் தேர்ந்தெடுத்து, பழைய லாக் எண்ணைக் கொடுத்தால் தொடர்பு எண்கள், எஸ்எம்எஸ், செயலிகள் எல்லாம் இறங்கும். ஏற்கெனவே ஸ்கிப் செய்துவிட்டீர்களா? புதிய போனை ரீசெட் செய்து, அதாவது அதில் இருப்பதையெல்லாம் அழித்து, முதலிலிருந்து வருவதே நேர்வழி. அதற்குள் புதிதாக எடுத்த படங்கள் இருந்தால் முன்பே வேறிடத்தில் சேமித்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவடைப் பணம் வரட்டும், அப்புறம் போன் வாங்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பழைய போன் 57 நாள் பயன்படாமல் கிடந்தால் கூகுள் அந்த பேக்கப்பை அழித்துவிடலாம். இரவல் போனிலாவது அதற்குள் மீட்டுவிடுங்கள். கூகுள் போட்டோஸில் ஏறிய படங்களுக்கு இந்தக் கெடு இல்லை. அதே கணக்கில் நுழைந்தாலே தெரியும்.

வாட்ஸ்அப் தனி. அதே எண், அதே ஜிமெயில் இருந்தால், எண்ணைச் சரிபார்த்ததும் ‘ரீஸ்டோர்’ கேட்கும், அழுத்துங்கள். தவறவிட்டால் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டும். செய்திகள் முதலில் வரும், படங்களும் வீடியோக்களும் பிறகு மெதுவாக இறங்கும். பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அது இல்லாமல் திறக்க வழியே இல்லை.

கூகுளில் வாட்ஸ்அப் பேக்கப் இல்லை, ஆனால் பழைய போன் இன்னும் உயிரோடு இருக்கிறதா? கணினியில் இணைத்து, வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டேட்டாபேசஸ்’ ஃபோல்டரை நகலெடுங்கள். புதிய போனில் அதே இடத்தில் வைத்த பிறகுதான் வாட்ஸ்அப்பைத் திறக்க வேண்டும்.

வங்கி, யுபிஐ செயலிகள் மட்டும் பேக்கப்பில் அப்படியே வராது. சிம் அந்தப் போனிலேயே இருக்க, எஸ்எம்எஸ் தடை நீங்கிய பிறகு, ஒவ்வொன்றையும் புதிதாகப் பதிவுசெய்யுங்கள்.