வீதிக் குழிக்கும் எரியாத வீதி லைட்டுக்கும் ஊரே சேர்ந்து பட்டியல் போடுவது எப்படி

'சந்திக்குக் கிட்ட பெரிய பள்ளம்' என்று வட்ஸ்அப் குழுவில் வரும் முறைப்பாட்டை வைத்துக்கொண்டு எந்தச் சபையும் ஆள் அனுப்பாது. இடம், திகதி, படம் மூன்றும் வேண்டும்.

குழுவில் படமாகப் போட்டால் வட்ஸ்அப் அதிலுள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிடும். கமராவில் லொகேஷனைப் போட்டுவிட்டு எடுத்து, 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, தகவல் சேகரிக்கும் மென்பொருளான கோபோடூல்பொக்ஸில் (KoboToolbox) ஒரு படிவம். இலவசம், டேட்டா இல்லாத இடத்திலும் நிரப்பலாம். ஜிபிஎஸ் துல்லியம் 10 மீற்றருக்குள் வரும்வரை வெளியில் நின்று பொறுத்துவிட்டுப் பதியவேண்டும். இடக்குறிப்பைக் கையால் எழுதுவோருக்கு முதலில் அகலாங்கு (9.66 போல), பிறகு நெட்டாங்கு (80.02 போல) என்ற ஒழுங்கைச் சொல்லிக்கொடுங்கள். மாறினால் யாழ்ப்பாணத்துக் குழி ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

ஊர்ப் பெயரைத் தட்டெழுத விடாதீர்கள். ஒருவர் திருநெல்வேலி என்பார், மற்றவர் தின்னவேலி என்பார், கணினிக்கு இரண்டும் வேறு ஊர். தெரிவுப் பட்டியலாகக் கொடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றாமல் சேர்க்கவேண்டாம், தேடினால் அகப்படாது. சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்த) கோப்பை எக்செலில் நேரே திறந்தாலும் தமிழ் உடையும். 'இம்போர்ட்' வழியாக யுடிஎப்-8 (யுனிகோட் எழுத்துக் குறியீடு) தெரிவுசெய்து திறவுங்கள்.

ஒரே குழியைப் பத்துப் பேர் அனுப்புவார்கள். 15 மீற்றருக்குள் உள்ளவற்றின் படங்களை ஒப்பிட்டு ஒன்றாக்குங்கள், ஆனால் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையை அழிக்கவேண்டாம். அதேசமயம் அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. ஸ்மார்ட்போன் குறைந்த ஒழுங்கைகளிலிருந்து ஒன்றும் வராது, அங்கே குழி இல்லை என்பதல்ல. இரண்டு பேர் நடந்துபோய்ப் பதியுங்கள், லைட் என்றால் இருட்டிய பிறகு.

பிறகு வீதி யாருடையது என்று பிரியுங்கள். பெரும்பாலான முறைப்பாடு சாவது இங்கேதான். கண்டி வீதி (ஏ9) போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள் உள்ளூராட்சிச் சபைக்கு. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம்: நல்லூர்க் கந்தசுவாமி கோயிலடி யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள், திருநெல்வேலியோ நல்லூர்ப் பிரதேச சபைக்குள்.

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனிக் கடிதம், இரண்டு பிரதி. ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பட்டியலின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் என்ன நடவடிக்கை என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும்.

திருத்தியாயிற்று என்று பதில் வந்தாலும், முதல் படம் எடுத்த இடத்திலேயே நின்று இன்னொரு படம் எடுத்த பிறகுதான் அந்த வரியை மூடவேண்டும்.