குப்பை அள்ளும் நிறுவனத்தின் ஒப்பந்தச் சங்கிலியில் கொத்தடிமைமுறை நுழையாமல் தடுப்பது எப்படி?

மாநகராட்சியிடமோ நகராட்சியிடமோ குப்பை அள்ளும் பணியை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கும் நிறுவனம், தன் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டுமே தன் தொழிலாளர்களாக எண்ணினால் கொத்தடிமைமுறை அதன் கண்ணில் படவே படாது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளரை அனுப்புபவர் ஆள் ஒப்பந்ததாரர். அவருக்கு ஆள் திரட்டித் தருபவர் மேஸ்திரி. பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கும் அட்டையும் காயலான் கடைக்கும் அங்கிருந்து மறுசுழற்சிப் பட்டறைக்கும் போகின்றன. சீருடையும் கையுறையும் எங்கோ ஓர் ஆலையிலிருந்து வருகின்றன. இந்தக் கண்ணிகள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார் என்பதைப் பெயருடன் குறிப்பதே முதல் வேலை. எந்த இடத்தில் பெயர் எழுத முடியவில்லையோ அங்கே முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கொத்தடிமை என்றதும் செங்கல் சூளையும் அரிசி ஆலையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் வரையறை இன்னும் அகலமானது: வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் கூலியில்லாமலோ அற்பக் கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ இழந்தாலும் அது கொத்தடிமைமுறையே. 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவதும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே தடுப்பு வேலையை ஒப்பந்தப்புள்ளி நிரப்பும் மேசையிலேயே தொடங்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தை 100 ரூபாய் என்று கொண்டால், அதன் மீது நிறுவனத்தின் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கும் அதைச் சார்ந்த கட்டணங்களுக்கும் 13 ரூபாய், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 ரூபாய், குறைந்தபட்ச போனஸுக்கு 8.33 ரூபாய் எனச் சேர்த்தால் 124 ரூபாய் 58 காசு ஆகிறது. விடுப்புச் சம்பளம், வார விடுமுறைக்கான மாற்று ஆள், கம்பூட், கையுறை, ஒப்பந்ததாரரின் லாபம் எல்லாம் இதற்கு மேல்தான். 115 ரூபாய்க்கு ஆள் தருகிறேன் என்று வரும் துணை ஒப்பந்ததாரர், குறையும் தொகையைத் தொழிலாளரின் கூலியில்தான் பிடிப்பார். அந்த விலையை ஏற்றுக்கொண்டு, பிறகு அவரிடம் நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி வைப்பது வெறும் சடங்கு. அவர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே, அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரே, கொடுத்தாக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது முன்பணம். மருத்துவச் செலவு, கல்யாணம், பள்ளிக் கட்டணம் என்று தொழிலாளருக்குப் பணத்தேவை வரவே செய்யும். 'முன்பணம் கிடையாது' என்று அறிவிப்புப் பலகை வைத்தால் அவர் நேரே மேஸ்திரியிடம்தான் போவார். அதைவிட நிறுவனமே வட்டியில்லாமல் எழுத்துமூலம் முன்பணம் கொடுத்து, சிறிய தவணைகளில் பிடித்துக்கொள்ளலாம். பாக்கி இருக்கும்போதே அவர் வேலையை விட்டுப் போக விரும்பினால் தடுக்கக் கூடாது, அவருக்குப் பதிலாக மனைவியையோ மகனையோ வேலைக்கு அழைக்கவும் கூடாது. கூலி வங்கிக் கணக்கில் போடப்படுகிறது என்பதோடு திருப்தியடைந்துவிடாமல், ஏ.டி.எம். அட்டையும் ஆதாரும் யார் கையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பலருடைய கணக்குகளில் ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருந்தால், அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று விசாரிக்க வேண்டும்.

பதிவேடுகளை மட்டும் நம்பக் கூடாது. மாதம் முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரம்பியிருக்கும் வருகைப் பதிவேடு ஒழுங்கின் அடையாளம் அன்று. தொழிலாளருடன் மேஸ்திரி இல்லாத இடத்தில், தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ அவர் பேசும் மொழியிலேயே பேச வேண்டும். 'உங்களைக் கொடுமைப்படுத்துகிறார்களா' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். 'நாளைக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள், போனால் என்ன ஆகும்' என்று கேட்டால் நிலைமை விளங்கும்.

பழைய பொருள் பக்கத்தில் சிக்கல் வேறு விதமானது. தெருவில் பொறுக்கி விற்பவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர். அவரைச் சங்கிலியிலிருந்து துரத்துவது தீர்வாகாது. ஆனால் காயலான் கடைக்காரர் கொடுத்த கடனுக்காக, அவர் சொல்லும் விலைக்கு அவரிடம் மட்டுமே விற்க வேண்டிய நிலை இருந்தால், உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை பறிபோகிறது. இதையும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமைமுறை என்றே சொல்கிறது. ஆகவே எடைச்சீட்டையும் கொள்முதல் விலையையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டும். தரம்பிரிக்கும் கொட்டகையில் குழந்தைகள் வேலை செய்தால் உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கையுறை, சீருடை வாங்கும் பிரிவையும் விட்டுவிடக் கூடாது. மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் கையுறைகளை, கடன்சுமை உள்ளிட்ட கட்டாய உழைப்புக் குறிகளைக் காரணம் காட்டி அமெரிக்கச் சுங்கத்துறை 2020இல் தடுத்து நிறுத்தியது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் முகவர்களுக்குக் கட்டிய தொகையை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021இல் தடை நீங்கியது. நம் ஊர் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பலரும் அறிந்ததே. அந்த வழியில், ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் தங்கவைக்கும் ஆலையின் நூல் நம் சீருடையில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதேனும் தெரியவந்தால், ஒப்பந்தத்தை அன்றே ரத்துசெய்து தொழிலாளர்களை ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. சாட்சியும் போகும், அவர்களுக்குச் சேர வேண்டியதும் போகும். மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ முதலில் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்குப் பின் அவர்கள் தரும் விடுதலைச் சான்றிதழே மறுவாழ்வு உதவிக்கு அடிப்படை. மத்திய அரசின் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். கொத்தடிமைக் கடன் சட்டப்படி அழிந்துபோனது, அதைத் திருப்பி வாங்குவது குற்றம் என்பதைத் தொழிலாளரிடம் நேரில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டின் நகலைப் பத்திரப்படுத்தி, கூலி பாக்கியை நிறுவனமே முதலில் கொடுத்துவிட்டு, ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய தொகையில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.