வீல்சேரில் இருப்பவரிடம் ‘எக்சர்சைஸ் பண்றீங்களா?’ என்று கேட்டால் என்ன ஆகும்?

குடியாத்தம் பக்கம் ஒரு வீடு. தென்னையிலிருந்து விழுந்து, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு போனவர். இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போயிருந்தேன். "எக்சர்சைஸ் பண்றீங்களாண்ணா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அம்மா, "டெய்லி பண்றான் சார், காலையில நான்தான் காலை மடக்கி நீட்டி உடுறேன்" என்றார். நானும் ‘தினமும்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை தப்பு இருந்தது என்று புரிய ரொம்ப நாள் ஆனது.

பதில் சொன்னது அவரில்லை, அம்மா. காலை அசைத்ததும் அம்மாதான். மூட்டு இறுகாமல் இருக்க அது கட்டாயம் வேண்டும், ஆனால் அவருடைய தசை வேலை செய்யாத வரைக்கும் அது அவர் செய்த உடற்பயிற்சி ஆகாது. எல்லாவற்றையும்விட, கேள்வியே தப்பு. ‘எக்சர்சைஸ்’ என்றாலே நம் ஊரில் பிசியோ சொல்லிக்கொடுத்தது என்றுதான் காதில் விழும்.

நான் கேட்க வேண்டியிருந்தது ஓய்வுநேர உடற்பயிற்சியை. அப்படியென்றால், நேரம் கிடைக்கும்போது தானே விரும்பி உடம்பை அசைப்பது. டம்பெல் தூக்குவது, பந்து ஆடுவது, சாயங்காலம் காற்று வாங்க வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வருவது எல்லாம் இதில் சேரும். அதே வீல்சேரை அதே தெருவில் பால் வாங்கத் தள்ளினால் சேராது. கட்டிலிலிருந்து வண்டிக்கு மாறுவது, வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுவது எதுவும் சேராது. வேலூர் பாகாயத்தில் 1966ல் மறுவாழ்வு மையம் வரக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்துக்குப் பிறகு வீல்சேரில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அதுவே இந்தக் கணக்கில் வராது, அது வேலை! உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அதற்கு வேறு நோட்டு வையுங்கள்.

கனடாவில் கேத்லீன் மார்ட்டின் கினிஸ் குழுவினர் இதற்கென்றே ஒரு சின்னக் கேள்வித்தாள் செய்திருக்கிறார்கள், சோதித்து 2012ல் வெளியிட்டார்கள். கடந்த 7 நாளில் லேசாக, நடுத்தரமாக, கடுமையாக எத்தனை நாள் செய்தீர்கள், செய்த நாளில் எத்தனை நிமிடம், அவ்வளவுதான். 5 நிமிடம்கூட ஆகாது. இதை ‘வழக்கமாக எவ்வளவு செய்வீர்கள்’ என்று மாற்றிக் கேட்டீர்களோ, கெட்டது. வழக்கமாக எல்லோருமே நல்ல பிள்ளைகள்தான். நேற்று, முந்தாநாள் என்று பின்னாலிருந்து நாள் நாளாகக் கேட்டுப் பாருங்கள், அந்த வாரம் மூத்திரத் தொற்றில் மூன்று நாள் படுத்திருந்த கதை அப்போதுதான் வெளியே வரும்.

அடுத்தது கடுமையை அளப்பது. இங்கேதான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். 220லிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்புக் கணக்குப் போடுவது டி6க்கு (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டம்) மேலே அடிபட்டவர்களிடம் செல்லாது, ஏனென்றால் இதயத்தை முடுக்கிவிடும் நரம்பு வழியே அங்கே அறுபட்டிருக்கலாம். கழுத்தில் முழுசாக அடிபட்ட பலருக்கு எவ்வளவு முக்கினாலும் துடிப்பு 130ஐத் தாண்டாது. அந்த எண்ணை வைத்து ‘லேசான பயிற்சி’ என்று எழுதினால் அவர் உயிரைக் கொடுத்துச் செய்தது வீண். ஒவ்வொரு வேலைக்கும் ஓய்வில் இருப்பதைப்போல எத்தனை மடங்கு ஆக்சிஜன் செலவாகும் என்று சொல்லும் மெட் அட்டவணையும் அப்படித்தான்: ஓய்வில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி ஆக்சிஜன் என்பது பொதுக் கணக்கு, இவர்களுக்கு அது 2.7ஐ ஒட்டித்தான் வருகிறது. காலடி எண்ணும் வாட்ச் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வியர்வையைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள், அடிபட்ட இடத்துக்குக் கீழே பலருக்கு வியர்க்காது. அக்னி நட்சத்திரத்து வேலூர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவர்கள் உடம்பு கொதிக்கும். அதனால் மே மாதம் எடுத்த கணக்கையும் மார்கழியில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ‘முன்னேற்றம்’ என்று கொண்டாடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். கடுமையை அவரிடமே கேட்பதுதான் சரி: கஷ்டமே தெரியவில்லையா, கொஞ்சம் கஷ்டம் ஆனாலும் ரொம்ப நேரம் தாங்குமா, சீக்கிரமே நிறுத்தவேண்டி வந்ததா?

கடைசியாக, சராசரி. கனடாவின் ஒன்டாரியோவில் தண்டுவடத்தில் அடிபட்ட 695 பேரிடம் கேட்டதில் நாளுக்குச் சராசரி 27 நிமிடம் வந்தது. பரவாயில்லையே என்று தோன்றும். இவர்களுக்கான 2018 சர்வதேச வழிகாட்டுதல் உடல் தகுதிக்குக் குறைந்தபட்சமாகக் கேட்பதே வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும், இரண்டு தடவை தசை வலுப் பயிற்சியும்தான். ஆனால் அந்த 695 பேரில் பாதிப் பேர் சொன்னது பூஜ்யம். சில பேர் மணிக்கணக்கில் செய்தது மற்றவர்கள் தலையிலும் ஏறிவிட்டது. அதனால் எத்தனை பேர் பூஜ்யம் என்பதை முதலில் தனியாகச் சொல்லுங்கள், அப்புறம் செய்தவர்களின் நிமிடம். இன்னொன்று, செய்யாதவருக்கு 0 என்று எழுதுங்கள், கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் அவர் செய்யவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா என்று ஆறு மாசம் கழித்து உங்களுக்கே தெரியாது.