குலை வெட்டப் போகிறவருக்கு இன்சுலின்: வீட்டில் இருப்பவர் பார்க்க வேண்டியவை

என் வீட்டுக்காரர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டுகிறார். இனிப்பு நீருக்குக் காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் (வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது), பேனா மாதிரி ஊசிக் கருவியில். எத்தனை யூனிட் என்பது டாக்டர் சொல்வது, நாம் அதில் கை வைக்கக்கூடாது. ஊசி, சாப்பாடு, வேலை மூன்றையும் ஒரு நாளுக்குள் பொருத்துவதுதான் நம் பொறுப்பு. தோட்டத்து ஆளுக்குச் சிக்கல் வருவது அங்கேதான்.

ஊசியைப் போட்டுக்கொண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவது, பத்து மணிக்குக் காட்டில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது, இது இங்கே பலருக்குப் பழக்கம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய வகைக் கலப்பு மருந்தில் ஒரு பங்கு அரை மணியில் வேலையைத் தொடங்கிவிடும். அதனால் பசியாற அரை மணிக்கு முன்பு ஊசி, பிறகு வீட்டிலேயே சாப்பாடு, அப்புறம்தான் பெரட்டு. புதிய வகைகளைச் சாப்பிடும் நேரத்திலேயே போடலாம். உங்களுடையது எது என்று மருந்து கொடுப்பவரிடம் கேட்டு, பெட்டியிலேயே தமிழில் எழுதி வையுங்கள். நான் பசியாறும் தட்டைத் தயாராக வைத்த பிறகுதான் பேனாவை எடுத்துக் கொடுப்பேன்.

பால் போலக் கலங்கிய மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்த்துத் திருப்புங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு யூனிட்டை வெளியே தள்ளி, ஊசி முனையில் சொட்டு வருகிறதா பாருங்கள். குத்தி, பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். வேலை நாளில் தொடை வேண்டாம். நடந்து உழைக்கும் தசைக்கு மேல் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும். வயிற்றில், தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி தட்டி, மருந்து சரியாக ஏறாது.

இனி, இரத்தத்தில் சீனி இறங்குவது. வியர்த்தால் சீனி குறைவு என்று எல்லாரும் சொல்வார்கள். வெயிலில் குலை வெட்டுகிறவருக்கு எப்போதும் வியர்வைதான், அதை வைத்து என்ன கண்டுபிடிப்பது? கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், குழறிய பேச்சு, இவற்றைப் பாருங்கள். கூட வேலை செய்பவரிடமும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதனையில் சீனி லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், சோதிக்க வழியில்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியதும் நாலு பிஸ்கட்டோ சோறோ. சாக்லேட், கறிபாப் உதவாது, கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். சீனியை அளந்து சின்னப் பாட்டிலில் போட்டு, சட்டைப் பையிலேயே கொடுத்து அனுப்புங்கள். மோட்டார் சைக்கிளில் வைத்தால் அவசரத்துக்கு எட்டாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து 999க்கு அழையுங்கள்.

பேனாவையும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்க வேண்டாம், வெயிலில் மருந்து கெட்டுவிடும். திறக்காதவை ஐஸ் பெட்டியின் (ஃபிரிட்ஜ்) கீழ்த்தட்டில் இருக்கட்டும். உறைந்துபோனதைத் தூக்கிப் போடுங்கள். திறந்தது வீட்டின் குளிர்ந்த மூலையில் இருந்தால் போதும், பெரும்பாலானவை நாலு வாரம் தாங்கும்.

கடுமையாக உழைத்த அன்று, தூக்கத்திலும் சீனி இறங்கலாம். படுக்கும் முன் ஒரு முறை சோதியுங்கள். நோட்டில் எண்ணோடு சேர்த்து "குலை வெட்டு", "மழை, வேலை இல்லை", "கல்யாண வீட்டுச் சாப்பாடு" என்றும் எழுதுங்கள். வெறும் எண்ணை வைத்து டாக்டரால் அளவை மாற்ற முடியாது. அடிக்கடி 4க்குக் கீழே போனால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அந்த நோட்டோடு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.