வண்டி திரும்பும் கணக்கு சரியா? மேட்லாபில் ஒரு சுலபமான சோதனை

வண்டி திரும்புவதைக் கணக்கிட மேட்லாப் என்ற கணினி மென்பொருளில் ஒரு மாடல் எழுதியிருக்கிறீர்களா? அதில் ஸ்டீயரிங் கோணம் ரேடியனில், வேகம் மீட்டர்/நொடியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம், டயர்களின் பக்கவாட்டு விசைகளைக் கூட்டி வண்டியின் நிறையால் வகுத்து ஒரு கோடு வரையுங்கள். அதே படத்தில் வேகத்தையும் யா ரேட்டையும் (வண்டியின் முகம் நொடிக்கு எவ்வளவு கோணம் திரும்புகிறது என்ற அளவு) பெருக்கி இன்னொரு கோடு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் இரண்டும் விலகும். வண்டி சீராக வட்டமடிக்கத் தொடங்கியதும் ஒன்றாகிவிட வேண்டும். மணிக்கு 72 கி.மீ., அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 100 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் யா ரேட் 0.2 ரேடியன்/நொடி, இரண்டு கோடுகளும் 4 மீட்டர்/நொடி²-இல் நிற்கும். சேரவே இல்லையா? டயர் விசைகளின் பிளஸ், மைனஸைச் சரிபாருங்கள்.

வண்டி போன பாதையை வரையும்போது இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுகோல் தரும் 'ஆக்ஸிஸ் ஈக்வல்' (axis equal) கட்டளையும் கொடுங்கள். இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகத் தெரியும், வீண்பழி மாடல் மேல் விழும்.