ஜெர்மனியில் படிக்கப் போனால் ஊரோடு ஒட்டுவது எப்படி

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் விமானம் ஏறும் முன்பே ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் குழு வழியாகவே ரூம் கிடைக்கிறது, ரூம்மேட்கள் கோயம்புத்தூரும் மதுரையுமாக அமைகிறார்கள், சீனியர் விட்டுப்போன குக்கரும் இட்லித் தட்டும் அடுப்படியில் இருக்கும், படிப்பும் ஆங்கிலத்தில்தான். தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் குளிர்காலத்தை இது இல்லாமல் தாண்டுவது கஷ்டம். ஆனால் இப்படியே விட்டால், இரண்டு வருடம் முடிந்து திரும்பிப் பார்க்கும்போது உள்ளூர்க்காரரிடம் பேசியது சூப்பர்மார்க்கெட் கல்லாவில் 'கார்டா, பணமா' என்று கேட்டதற்குச் சொன்ன பதில் மட்டும்தான் என்று ஆகிவிடும். இன்றைக்கு ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம், சீனர்களைத் தாண்டியாயிற்று. அதனால் ஆஹன், மக்டபுர்க் மாதிரி ஊர்களில் ஒரு ஜெர்மன்காரர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் படிப்பை முடித்துவிட முடியும்.

பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று நடத்தும் சந்திப்புகளுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே ஈரான், மெக்சிகோ, வியட்நாம் எல்லாம் இருக்கும், ஊர்க்காரர் மட்டும் இருக்க மாட்டார். அவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேறு இடத்தில் இருக்கிறார். அந்த இடத்துக்குப் பெயர் ஃபெரைன் (Verein), நம் பாஷையில் சங்கம்.

ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம், அதனால் எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு: கால்பந்து, சேர்ந்திசை, தேனீ வளர்ப்பு, முயல் வளர்ப்பு, மலையேற்றம், கார்னிவல் ஊர்வலம், தோட்டம். பெயருக்குப் பின்னால் 'e.V.' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது பதிவு பெற்றது. கூகுளில் ஊர்ப் பெயர், உங்களுக்குப் பிடித்த விஷயம், கூடவே ஃபெரைன் என்று போட்டுத் தேடுங்கள். பழைய காலத்து வெப்சைட் ஒன்று வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், பயிற்சி நேரம் எங்கேயாவது கீழே எழுதியிருக்கும். பெரும்பாலான இடங்களில் முதல் ஒன்றிரண்டு முறை இலவசமாக வந்து பார்க்கலாம், ப்ரோபெட்ரைனிங் என்பார்கள்.

போகும் முன் ஒரு மெயில் போடுங்கள். பெயர், இந்த ஊரில் என்ன படிக்கிறேன், இந்த விளையாட்டில் எனக்கு எவ்வளவு தெரியும், ஜெர்மன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன், வரும் வியாழன் வந்து பார்க்கலாமா. அவ்வளவு போதும், தப்பும் தவறுமாக இருந்தாலும் ஜெர்மனிலேயே எழுதுங்கள். நம் ஊர் வழக்கப்படி 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான சங்கத்தில்' என்று ஆரம்பித்து ரெஸ்யூமே இணைத்துவிட வேண்டாம். ஒரு வாரமாகியும் பதில் வரவில்லையென்றால் நேரிலேயே போய் நின்றுவிடுங்கள், ஏனென்றால் மெயில் பார்ப்பவரும் வேறு வேலையில் இருந்துகொண்டு சம்பளமில்லாமல் இதைச் செய்பவர்தான்.

எதில் சேருவது என்று தெரியவில்லையென்றால் செஸ். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரிந்து இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் விஸ்வநாதன் ஆனந்த் மாதக்கணக்கில் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டாரே, அவர் அங்கே போயிருந்ததே பாடன்-பாடன் சங்கத்துக்காக லீக் ஆடத்தான். அந்த லீக்கின் அடிமட்டத்தில் சின்ன ஊர்களின் அணிகள் ஆடுகின்றன, எட்டுப் பலகைக்கு எட்டு ஆள் கிடைக்காமல் திண்டாடும் அணிகளும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் விளையாட்டு மாலை இருக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. உள்ளே போனதும் ஒவ்வொருவரிடமும் கைகொடுத்துப் பெயர் சொல்லுங்கள், அலமாரியிலிருந்து பலகையையும் கடிகாரத்தையும் நீங்களே எடுத்து வையுங்கள். எதிரில் உட்காருபவர் எழுபது வயது ஓய்வுபெற்ற மெக்கானிக்காக இருப்பார், ஆட்டம் முடியும்வரை வாயே திறக்க மாட்டார். முடிந்ததும்தான் கதை. காயை ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்த்தி, குதிரையை இங்கே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அரை மணி நேரம் பேசுவார், பக்கத்து மேஜைக்காரரும் வந்து சேர்ந்துகொள்வார். 'குதிரை', 'இங்கே', 'அப்போது', 'இல்லையே', 'ஆனால்' என்று நீங்கள் பேசும் அந்த உடைந்த ஜெர்மனுக்கு யாரும் மார்க் போடுவதில்லை. வகுப்பில் கூச்சப்படுகிறவர்களுக்குக்கூட அங்கே வாய் திறந்துவிடும்.

கிரிக்கெட் சங்கங்களும் ஜெர்மனியில் இருக்கின்றன, ஆசை தீர ஆடுங்கள், ஆனால் அங்கே போனால் ஹிந்தியும் ஆப்கானியர்களின் பஷ்டோவும்தான் தேறும்.

சரி, சேர்ந்தாயிற்று. இனிமேல்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். இரண்டு வாரம் போவார்கள், யாரும் பெரிதாகப் பேசவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்கவில்லை, சரிதான் இவர்கள் ஒட்டாத ஜாதி என்று முடிவுகட்டிவிட்டு நின்றுவிடுவார்கள். சங்கத்துக்காரர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள்: புதிதாக வருகிறவர்களில் பலர் மூன்றாம் வாரம் வருவதில்லை, அவர்களும் எத்தனை முறைதான் ஆவலாக வரவேற்பார்கள்? அதே நாள், அதே நேரம், ஐந்து நிமிடம் முன்னதாக. வர முடியாதென்றால் முன்கூட்டியே ஒரு மெசேஜ். ஒன்றிரண்டு மாதம் இப்படிப் போய்ப் பாருங்கள், ஒரு வாரம் நீங்கள் வராவிட்டால் அவர்களாகவே கேட்க ஆரம்பிப்பார்கள்.

இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். நாற்காலி அடுக்குவதும் வலையைக் கழற்றுவதும் கிளாஸ் கழுவுவதும் எல்லாரும் சேர்ந்து செய்வது, தலைவரும் சேர்த்துத்தான். அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் பேச்சு மைதானத்தில் நடக்காது. அப்புறம் எல்லாரும் ஒரு பானத்தோடு உட்காருவார்கள். பீர் குடிக்காவிட்டால் பரவாயில்லை, ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே கேளுங்கள், ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கோடை விழா வரும்போது சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள்: யார் கேக் கொண்டுவருகிறார், யார் எத்தனை மணிக்குக் கவுண்டரில் நிற்கிறார். அதில் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுதினால் செய்தே ஆகவேண்டும், 'பார்க்கலாம்' என்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை. மெதுவடை கொண்டுபோகலாம், தாராளமாகத் தீரும், ஆனால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன போட்டிருக்கிறது, காரம் உண்டா என்று எழுதி வையுங்கள்.

கொஞ்சம் ஜெர்மன் தேறியபிறகு இன்னும் ஆழமாகப் போக ஆசையிருந்தால் தன்னார்வத் தீயணைப்புப் படையைப் பாருங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படை அந்த நாட்டில் நூற்றுச் சொச்சம் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் 112க்கு அடித்தால் ஓடிவருவது பேக்கரிக்காரரும் பள்ளி ஆசிரியரும் தச்சரும்தான். சின்ன ஊரில் படிப்பவர்கள் நேரில் போய் விசாரிக்கலாம், முறையான பயிற்சி கொடுக்கிறார்கள். ஆனால் ஆபத்தான வேலை, உத்தரவு புரியும் அளவுக்கு மொழி வேண்டும், பரீட்சை நேரத்தில் காணாமல் போகிறவர்களுக்குச் சரிப்படாது.

வீட்டுக்கு வருவோம். அக்கம்பக்கத்தாரோடு பழக அங்கே ஒரு சுலபமான வழி பார்சல். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சலை டெலிவரிக்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சீட்டு வைத்துப்போவார், அவர்களுடையதை நீங்களும் வாங்கி வைக்கலாம். போய் வாங்கும்போது ஒரு வார்த்தை, கொடுக்கும்போது ஒரு வார்த்தை, மாடிப்படியில் எதிர்ப்படும்போது கட்டாயம் வணக்கம், தெற்கே 'க்ரூஸ் காட்', வடக்கே 'மோயின்'. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்கவே அமைதிதான், டிரில்லிங் மெஷினைத் தொடாதீர்கள், காலிக் கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடக்கூட அன்றைக்குப் போகாதீர்கள். பிறந்தநாள் பார்ட்டி வைத்தால் இரண்டு மூன்று நாள் முன்பே கீழ் வாசலில் ஒரு தாள் ஒட்டி, சத்தமிருக்கலாம், தொந்தரவானால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று எழுதிவிடுங்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் வீடென்றால் படிக்கட்டு பெருக்கும் முறை வாரம் உங்கள் கதவுக்கும் வரும், அதைத் தட்டிக்கழித்தவரோடு கிழவிகள் பேசுவதில்லை.

பிறந்தநாள் என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே யாருக்கும் முதல் நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். கேக் வாங்கிவருவதும் பிறந்தநாள்காரரின் செலவு. வீட்டுக்கு அழைப்பதாக இருந்தால் 'ஒரு நாள் வாங்களேன்' என்பது செல்லாது, தேதியும் நேரமும் சொல்லி இரண்டு மூன்று வாரம் முன்பே கேளுங்கள்.

நம் மாணவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1980களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள். ஹாம் ஊரின் யூன்ட்ரோப் (Uentrop) பகுதியில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். பல ஊர்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. கூட்டத்தோடு நின்று சேவித்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, ரயிலைப் பிடித்து வந்துவிடாமல், உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகள் ஜெர்மன்காரர்கள்தான், ஊரின் நெளிவுசுளிவைத் தமிழிலேயே சொல்லித்தர அவர்களைவிடத் தோதான ஆள் கிடையாது. அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். சென்னைப் பேச்சுதான் சரியான தமிழ் என்ற மிதப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டுப் போங்கள்.

எல்லா இடமும் நல்ல இடமில்லை. ஒரு சங்கத்தில் உங்கள் நிறத்தை வைத்து ஜோக் அடித்தால் பொறுத்துக்கொண்டு நிரூபிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, வேறு சங்கம் தேடுங்கள். பெரிதாக ஏதாவது நடந்தால் பல்கலைக்கழக மாணவர் பேரவையிலும் பாகுபாடு குறித்த ஆலோசனை மையத்திலும் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறார்கள்.

காசு விஷயம். சந்தாவில் மாணவர் சலுகை உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் உண்டு. சம்பளமில்லாத தொண்டுக்குச் சிக்கலில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள், மணிக்கு இவ்வளவு தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்து ஊர் மாறும்போது வராமல் இருந்துவிட்டால் உறுப்பினர் கணக்கு தானாக நின்றுபோகாது, சந்தா வங்கியிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். எழுத்தில் விலகல் கடிதம் கொடுக்கவேண்டும், அதற்குக் கெடு உண்டு, பல சங்கங்களில் வருடக் கடைசியில்தான் விலக முடியும், சேரும்போதே விதிகளில் பார்த்து காலண்டரில் குறித்துவிடுங்கள். கடிதம் கொடுக்கும் அன்றைக்கு, போகிற ஊரில் தெரிந்த சங்கம் இருக்கிறதா என்றும் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.